செவலையும் வைதேகியும்

அன்று நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் விளக்கு எரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சந்தி வேளையில் விளக்கேற்றாமல் வைதேகி இருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பயந்துபோய்க் கூப்பிட்டேன். பதில் கொல்லைப் பக்கமிருந்து, அதுவும் கிசுகிசுப்பாக வந்தது.

"கத்தாதேங்கோ. மெதுவா இங்க வாங்கோ."

குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, இருட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. ஒரு கையில் செல்போன், அதில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு கையில், விரல்களுக்கு நடுவே, ஒரு கோழி முட்டை.

அவளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. பேக்கரியில் பிஸ்கட் வாங்கினால்கூட, "இதுல முட்டை போடலையே?" என்று கடைக்காரரைக் கேட்டு, அவர் சொன்னதை நம்பாமல் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பவள். பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

முட்டையின் அடியில் டார்ச்சை வைத்தாள். ஓடு முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள். நடுவில் மிளகு போல ஒரு புள்ளி. அது அசைந்தது.

"ஆடறது பாத்தேளா?" என்றாள். "உயிர்னா அது."

"கையில தொட்டுட்டியே?"

"தீர்த்தமாடிட்டு விளக்கேத்திக்கறேன். பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுண்டா நான் பேசிக்கறேன்."

அவ்வளவு சந்தோஷமான முகத்தை, எங்கள் ஒரே பெண் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதற்குப் பிறகு, நான் அவளிடம் பார்த்ததில்லை.

பஸ்ஸில் வந்த விருந்தாளி

ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருவில் இருந்த பூர்வீக வீட்டில் என் அண்ணா குடும்பம் இருந்தது. நாங்கள் பென்னலூர் பக்கம் ஒரு மனை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பின்னால் மீந்த இடத்தில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு போர்ஷன். எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். எந்த வீட்டின் முதுகைத் தட்டினாலும் ஒரு வாடகைக் குடித்தனம் எட்டிப் பார்க்கும்.

எங்கள் போர்ஷனில் மாரியும் அவள் புருஷன் இசக்கியும் இருந்தார்கள். சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர். மாரி செல்போன் பாகங்கள் பூட்டுகிற லைனில் வேலை பார்த்தாள். இசக்கிக்கு ஒரகடத்தில் வேலை. ஷிப்டு மாறிவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் வாசல்படியில் பார்த்துக்கொள்வதோடு சரி. ஒருவர் நுழையும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார்.

ஊரில் அம்மன் கோயில் கொடை முடிந்து திரும்பிய மாரி, வயர்கூடையோடு வந்து கொல்லையில் நின்றாள். கூடையின் வாயைத் துண்டால் கட்டியிருந்தாள். உள்ளே ஏதோ முனகியது.

"மாமி, ஏசிராதீங்க. எங்கம்மை குடுத்து விட்டுட்டா. வேண்டாம்னா சொல்லுங்க, எவளுக்காவது குடுத்துருதேன்."

வைதேகி இரண்டடி தள்ளி நின்று குனிந்து பார்த்தாள். கூடையின் இடுக்கு வழியாக ஒரு மஞ்சள் கண் அவளைப் பார்த்தது. செம்பழுப்பு நிறத்தில், கழுத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்போடு, ஒரு நாட்டுக்கோழி. பேர் செவலை.

"ராத்திரி பூரா பஸ்லயா வந்தது இது?"

"ஆமா மாமி. கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாரு."

"பாவம். மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டுடி."

அவ்வளவுதான் அனுமதி. என்னை யாரும் கேட்கவில்லை.

பகல் நேரத்துப் பொறுப்பு

இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் கோழியை யார் பார்ப்பது? முதல் வாரம் வைதேகி ஒரு நீளக் குச்சியால் கூண்டுக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். அடுத்த வாரம் கையால் திறந்தாள். ஒரு மாதம் கழித்து, "வாடி இங்க, எங்கடி போய்ச் சுத்திட்டு வரே?" என்று கேட்கிற அளவுக்கு நெருக்கமாகிவிட்டார்கள். நொய்யும், நறுக்கிய கீரைத் தண்டும், வடித்த சாதத்தில் ஒரு பிடியும் அதற்குப் போய்விடும். சாயங்காலம் "பா… பா…" என்று அவள் குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் இறக்கையை விரித்து ஓடிவரும். நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

முதல் முட்டையை அது வைத்த இடம், துவைத்து மடித்துக் கூடையில் போட்டிருந்த என் வேட்டி. வைதேகி சிரித்துச் சிரித்து மூச்சுவாங்கினாள். அந்த வேட்டியை மறுபடி துவைத்ததும் அவள்தான்.

பின்சந்தில் தனகோடி என்று ஒரு பெண்மணி இருந்தாள். கோயிலருகே பூ விற்பவள். அவளிடம் ஒரு சேவல் இருந்தது. செவலை வந்த நாளிலிருந்து அந்தச் சேவல் எங்கள் சுவரில்தான் குடியிருந்தது. ஒருநாள் அதைத் தேடிக்கொண்டு தனகோடி வந்தாள்.

"இன்னா மாமி, எங்க சேவலு எப்ப பாத்தாலும் உங்க வூட்டாண்டயே சுத்திகினு கீது. பொண்ணு வூட்டுக்காரங்க நீங்க, சீரு இன்னா செய்யப் போறீங்க?"

"ஒரு டம்ளர் காபி தரேன், உக்காரு" என்றாள் வைதேகி. அப்படி ஆரம்பித்தது அவர்கள் சிநேகம்.

முட்டை விஷயத்தில்தான் மாரிக்கும் வைதேகிக்கும் ஓயாத பேச்சுவார்த்தை. மாரிக்குச் சாப்பிடவும் வேண்டும், லைனில் கூட வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். வைதேகிக்கு எல்லாமே பொரிய வேண்டும்.

"எல்லாத்தையும் அடை வச்சா ஒரகடம் வரைக்கும் கோழிதான் மாமி நிக்கும்."

"நின்னா நிக்கட்டுமே."

கடைசியில் பாதிப் பாதி என்று முடிவானது.

செவலை அடைக்கு உட்கார்ந்தபோது மாரிக்கு நைட் ஷிப்டு. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஓரத்தில் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓர் ஆணியும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க அந்த மூன்றுமாம். மறுவாரம் ஷிப்டு மாறியது. டீ பிரேக்கில் வெளியே வந்து, வைதேகிக்குப் போன் செய்து, டார்ச் அடித்துப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். நரம்பு ஓடினால் வைக்கணும், தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடணும். அந்தப் பாடத்தின் செய்முறையைத்தான் அன்று சாயங்காலம் நான் குளியலறையில் பார்த்தேன்.

பொரிப்பதற்கு முந்தைய நாள் முட்டையைக் காதில் வைத்துக் கேட்டாள் வைதேகி. என்னையும் கேட்கச் சொன்னாள். ஓட்டுக்குள்ளிருந்து மிகச் சன்னமாக ஒரு குரல் வந்தது. "உள்ளேருந்தே அம்மாவைக் கூப்பிடறதுன்னா" என்றாள். இவ்வளவு வயதுக்கு மேல் இதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சந்தோஷம் மட்டுமே இருந்தது என்று சொன்னால் பொய். பொரித்த வாரத்திலேயே ஒரு குஞ்சைக் காக்கை தூக்கிக்கொண்டு போனது. வைதேகி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதன் பிறகு அவள் கொல்லையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கையில் குச்சி, வாயில் ஸ்லோகம். நடுவில் காக்கை வந்தால் ஸ்லோகம் நின்று, "சூ! கட்டையிலே போக!" என்று ஒரு அதட்டல், மறுபடி விட்ட வரியிலிருந்து ஸ்லோகம். கீரி ஒன்று மதில் ஓரமாக வந்து பார்த்துவிட்டுப் போகும். மாரி ஊரிலிருந்து மூங்கில் பஞ்சாரம் ஒன்று தருவித்தாள். அதைக் கவிழ்த்து மூடியபின்தான் வைதேகி தளிகை செய்யவே உள்ளே வருவாள்.

சேவல் குஞ்சுகள் வளர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இசக்கியின் தம்பி ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சேவலைக் காணவில்லை. பின் போர்ஷன் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அன்று மாலை மட்டும் வைதேகி கொல்லைப் பக்கம் போகவில்லை.

அண்ணா வந்தார்

கோயில் தெருவரைக்கும் சேதி போய்விட்டது. அண்ணா புறப்பட்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, உங்காத்துல கோழி கூவறதுன்னு தெருவே பேசறது. என்னன்னு பதில் சொல்றது நான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வைதேகி காபியோடு வந்தாள்.

"எங்காத்துக் கோழி இல்லை அண்ணா. குடியிருக்கறவா கோழி. பகல்ல மட்டுந்தான் எங்களோடது."

அண்ணா சிரிக்கவில்லை. காபியைக் குடித்தார். கால் அலம்பக் கொல்லைப் பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். செவலை மண்ணைக் கிளறிக் கிளறிக் கூப்பிட, குஞ்சுகள் அதன் காலடியில் மோதிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"இதுகளுக்கு யார் சொல்லிக்குடுக்கறா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

மாரி கிளம்பினாள்

அடுத்த வருஷம் மாரியின் கான்ட்ராக்ட் முடிந்தது. ஓசூர்ப் பக்கம் இருவருக்கும் சேர்த்து வேலை கிடைத்தது. மாரி அப்போது முழுகாமல் இருந்தாள். போய் இறங்கும் இடம் ஹாஸ்டல் மாதிரி ஓர் அறை. கோழிகளைக் கொண்டுபோக வழியில்லை.

"மத்ததெல்லாம் யாருக்கும் குடுத்துருங்க மாமி. செவலைய மட்டும் வச்சுக்கிடுங்க. வீடு பாத்துட்டு வந்து தூக்கிட்டுப் போயிருதேன்."

"எதையும் யாருக்கும் குடுக்கப் போறதில்லை. நீ போய்ப் பிள்ளையைப் பெத்துண்டு வா. எல்லாம் இங்கேயே இருக்கும்" என்றாள் வைதேகி.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் மாரி செவலையைத் தூக்கி, அதன் கழுத்தில் முகத்தை வைத்து என்னவோ சொன்னாள். வைதேகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு குப்பி மருந்து

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வரும், அதற்கு முன்னால் தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டும் என்று மாரி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன வருஷம் அவள் போட்டதன் பலம் இந்த வருஷத்துக்குத் தாங்காதாம். வைதேகி என்னை அழைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள்.

அங்கிருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு குப்பி ஏகப்பட்ட கோழிக்கு வரும்மா. ஒடச்சிட்டா அன்னிக்கே போட்டு முடிக்கணும், மிச்சம் வீணாப் பூடும். உங்க தெருவாண்ட கோழி வச்சிருக்கவங்க நாலஞ்சு பேரைச் சேத்துக்கினு சொல்லுங்க, நானே நேரா வந்து போட்டுத் தரேன்."

மறுநாளிலிருந்து வைதேகி தனகோடியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். மடிசார் கட்டின மாமி ஒருத்தி வந்து, "உங்காத்துல கோழி இருக்கா?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? பாதி வீடுகளில் பூட்டு. மீதியில் நைட் ஷிப்டு முடித்துத் தூங்கும் பிள்ளைகள். ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கோழியா? முக்குக் கடையில கெடைக்கும் மேடம்" என்று கடைக்கு வழி சொன்னானாம். இதைச் சொல்லிச் சொல்லித் தனகோடி சிரித்தாள்.

ஆனாலும் பழைய ஊர்ப் பக்கம், ஏரிக்கரை ஓரம், ஒவ்வொரு வீடாகச் சேர்ந்தது. புதன்கிழமை வருவதாக மருந்தகத்துக்காரர் நாள் குறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், முட்டையிடும் பருவத்துக்கு வந்திருந்த ஒரு வெடைக்கோழி கூண்டைவிட்டு இறங்கவில்லை. தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டபடி நின்றது. அடியில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

சீரகமும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஊட்டினாள். நோய் கண்டவற்றைப் பிரித்து பாத்ரூமில் வைத்தாள். திங்கட்கிழமை இரண்டு குஞ்சுகள் கழுத்து திருகி வானத்தைப் பார்த்துச் சுற்றின. நான் லீவு போட்டேன். போட்டு என்ன செய்ய? வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், குழி வெட்டினேன். மருந்தகத்துக்குப் போன் செய்தபோது அவர், "வந்தப்புறம் இந்த மருந்து கேக்காதும்மா" என்று வருத்தத்தோடு சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஒருநாள் முன்னதாகவே, செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். நோயைக் கையோடு கொண்டுபோகக் கூடாதென்று எங்கள் வீட்டுக்குள் வராமல், தனகோடி வீட்டிலும் ஏரிக்கரை வீடுகளிலும் எல்லாக் கோழிகளுக்கும் போட்டுவிட்டுப் போனார்.

வைதேகி வெயிலில் நடந்து நடந்து சேர்த்த அத்தனை கோழிகளும் அந்த வருஷம் பிழைத்தன. எங்கள் கொல்லையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு வாரம் முந்தியிருந்தால் என்று நினைக்காமல் அந்தக் கோடையை என்னால் இன்றும் நினைக்க முடிவதில்லை.

செவலைதான் கடைசி. புதன்கிழமை மத்தியானம் வைதேகியின் மடியில் இருந்தது. "பா… பா…" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

சுண்ணாம்பு தூவிக் குழியை மூடினேன். கையலம்பிவிட்டு உள்ளே வந்தபோது வைதேகி தலையோடு தீர்த்தமாடிவிட்டு ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். பந்துக்கள் போனால் குளிக்கும் குளியல் அது. நானும் போய்க் குளித்தேன்.

"நன்னா இருக்கா"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியிடமிருந்து போன் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இசக்கி என்னிடம் பேசியிருந்தான். மாரிக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், மனசு வருந்தும்படி எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"செவலை என்ன செய்யுதா மாமி?"

வைதேகி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நன்னா இருக்கா. இப்பதான் மண்ணுல குளிச்சுட்டு வந்து நிக்கறா."

குழந்தை பிறந்தபின் சொல்லிவிடலாம் என்று இருந்தோம். ஆண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் வைதேகி. கொஞ்ச நாள் போனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து நின்றுகொண்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செவலை முட்டையிட்டது, அடைக்கு உட்கார்ந்தது, தனகோடியின் சேவலோடு சண்டை போட்டது.

ஒருநாள் பி.எஃப். விஷயமாக இசக்கி ஒரகடம் வரவேண்டியிருந்தது. மாரியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். வருகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்த முதல் நாள் முழுக்க வைதேகி சாப்பிடவில்லை.

மாரி வந்து குழந்தையை வைதேகியின் கையில் கொடுத்தாள். கொல்லைப் பக்கம் திரும்பவேயில்லை. தண்ணீர் குடித்தாள், ஓசூர்க் குளிரைப் பற்றிச் சொன்னாள். வைதேகிதான் தாங்காமல் ஆரம்பித்தாள்.

"மாரி, செவலை…"

"தெரியும் மாமி."

"யார் சொன்னா? தனகோடியா?"

"யாரும் சொல்லல. முன்னெல்லாம் நீங்க போன் பேசும்போது பின்னாடி அதுக சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்கும். அந்தச் சித்திரைக்குப் பொறவு ஒரு சத்தமும் இல்லயே."

"பின்னே ஏண்டி வாராவாரம் கேட்டே?"

"நீங்க சொல்லுததக் கேக்க நல்லா இருந்துச்சு மாமி. அந்த நாலு மாசமும் கட்டிலோட கெடந்தேன்லா. எனக்கு வேற என்ன இருந்துச்சு?" என்றாள் மாரி. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் இசக்கி வாசலில் வைத்திருந்த ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துவந்தான். மேலே ஓட்டைகள் போட்டிருந்தன. திறந்தால் இரண்டு வெடைக்கோழிகள். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

"உங்களுக்குத்தான் மாமி. ரெண்டுக்கும் ஊசி போட்டாச்சு" என்றாள் மாரி.

வைதேகி பெட்டிக்குள் பார்த்தாள். கை நீண்டது, பிறகு புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம்டி. இன்னொரு தடவை என்னால முடியாது. கோச்சுக்காதே."

மாரி வற்புறுத்தவில்லை. பெட்டியை மூடினாள். இசக்கி அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, குழந்தையோடு அவள் பின்னால் போனாள். தெருமுனை வரை வைதேகி நின்று பார்த்தாள்.

ஒரு மாதம் இருக்கும். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து, "அதுகளை வாங்கிண்டிருக்கலாம்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. உடனே இசக்கிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே வீட்டுக்காரர் கோழி கூடாது என்றுவிட்டாராம், யாரோ ஊருக்குப் போகிறவர்களிடம் மாரியின் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்களாம். மாரி போனை வாங்கி, "அதுக்கென்ன மாமி, அடுத்த கொடைக்குப் போகும்போது கொண்டாரேன்" என்றாள். வைதேகி, "இல்லை, அங்கேயே நன்னா இருக்கட்டும், பஸ்ல ஏத்தி அலைக்கழிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது பின் போர்ஷனில் மூன்று பையன்கள் இருக்கிறார்கள். கொல்லையில் சிமெண்ட் போட்டு, பைக் நிறுத்துகிறார்கள். போன வாரம் மழை விட்ட நேரத்தில் இருவரும் பின்கட்டில் நின்றிருந்தோம். விரலில் எதையோ கணக்குப் போட்டவள் சொன்னாள்.

"அந்தக் கறுப்பு, இங்க இருந்திருந்தா, இந்நேரம் அடைக்கு உக்காந்திருக்கும்."